முகத்து மங்கும் லேசர் கடையும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டிய விஷயமாகத் துண்டு விளம்பரத்தில் போட்டிருப்பது "தோல் நிறமும் லேசர் வைத்தியமும்" என்பதாகும். தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்துகையில் விஞ்ஞானம் கற்றவர் என்று சொல்லிவிட்டார். அது சரியல்ல. நான் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டே, பொட்டலத்துக்கு வந்த பழைய காகிதங்களைப் படித்துப் படித்து நாலு விஷயம் தெரிந்துகொண்டவன். வைத்தியனும் அல்ல. ஆகையால் நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். கேளுங்கள், யோசியுங்கள், சந்தேகமிருந்தால் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் தோல் வைத்தியத்துக்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

இந்த விஷயத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் வீட்டில் நடந்த ஒரு காரியம். அதில் முட்டாள்தனம் செய்தவன் நானே. பிறத்தியார் முட்டாள்தனத்தை மேடையில் சொல்லிச் சிரிக்கிற நாம், நம்முடையதையும் சொல்ல வேண்டாமா?

என் மனைவிக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மூக்கின்மேலும் கருமை படர்ந்தது. இதைத்தான் நம் ஜனங்கள் மங்கு என்கிறார்கள். வலி கிடையாது, அரிப்பு கிடையாது, உயிருக்கு யாதொரு ஆபத்தும் கிடையாது. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் சாமான் கேட்பதற்கு முன்னால் "ஏம்மா முகத்திலே என்ன?" என்று கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு இருபது பேர் இப்படிக் கேட்டால் ஒரு மனுஷி எப்படித் தலை நிமிர்ந்து கடையில் உட்காருவாள்? அவள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள்.

என் தாயார் உடனே ஜோசியரிடம் போனார்கள். ஏழரைச் சனியின் முதல் சுற்றுக்கு மங்கு சனி என்று பெயராம். முகத்தில் இருப்பது மங்கு, ஜாதகத்தில் இருப்பது மங்கு சனி; இரண்டுக்கும் பெயர் ஒன்றாய் இருப்பதால் காரணமும் ஒன்றுதான் என்று ஜோசியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒன்பது சனிக்கிழமை எள் முடிச்சு நனைத்து நல்லெண்ணெய் விளக்குப் போட வேண்டுமாம். எனக்கு வந்த சிரிப்பைக் கேட்க வேண்டுமா! சனி என்கிற கிரகம் நமக்கு மிக அருகே வரும்போதுகூட ஏறக்குறைய 120 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சூரியனை ஒரு தடவை சுற்ற அதற்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. அது அங்கிருந்து குறிபார்த்து இந்த ஊர் மளிகைக் கடைக்காரன் பெண்சாதியின் கன்னத்தில் மை பூசிற்றா என்று நான் என் தாயாரிடம் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். எண்ணெய்ப் புட்டியைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன்.

அதுவரையில் சரி. அதற்கு அடுத்த மாதம் நான் செய்ததைக் கேளுங்கள். கடைச் சரக்கு எடுக்க டவுனுக்குப் போனபோது ஒரு மாடியில் பெரிய போர்டு கண்டேன். "லேசர் மூலம் முகக் கருமை நிரந்தரமாக நீங்கும். ஆறே தடவையில் பளிங்கு நிறம்" என்று எழுதி, பாதி முகம் கருப்பாகவும் பாதி முகம் வெள்ளையாகவும் ஒரு பெண்ணின் படமும் போட்டிருந்தது. லேசர் என்ற வார்த்தையைப் பார்த்ததும், இது விஞ்ஞானமல்லவா, பூசாரி வேலை அல்லவே என்று மனம் துள்ளிவிட்டது. உள்ளே யார் இருக்கிறார்கள், டாக்டரா அல்லது முடிவெட்டிப் பூச்சுப் பூசுகிறவரா என்று நான் கேட்கவில்லை. என்ன யந்திரம், அது என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. முதலாவது, இவளுக்கு வந்திருப்பது என்ன என்றே கேட்கவில்லை. தடவைக்கு 4,000 ரூபாய் வீதம் ஆறு தடவைக்கு 24,000 ரூபாய் என்றார்கள். மனைவியின் தோட்டை வைத்துப் பணம் கட்டினேன்.

இரண்டு தடவைக்குப் பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் என் தாயாரைப் பார்த்து மீசையை முறுக்கினேன். நாலாவது தடவைக்குப் பிறகு கன்னம் சிவந்து எரிந்தது. அதற்கு ஒரு களிம்பு கொடுத்தார்கள். ஆறும் முடிந்து இரண்டு மாதத்தில் பழைய கருமை முன்னைவிட இரண்டு பங்காய்த் திரும்பிற்று. அதுவுமன்றி, அந்தக் கருமைக்கு நடுவே அரிசி நொய் தெளித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள்! கடைக்குப் போய்க் கேட்டால், "உங்கள் உடல்வாகு அப்படி, இன்னும் ஆறு தடவை போட்டுப் பார்க்கலாம்" என்றார்கள். பரிகாரம் பலிக்காவிட்டால் இன்னொரு பரிகாரம் சொல்லுகிற ஜோசியர் பேச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அன்றிரவு என் மனைவி சொன்ன வார்த்தையை இன்றுவரை மறக்கவில்லை. "அத்தை சொன்ன விளக்குக்கு ஒரு ஆழாக்கு எண்ணெய்தான் செலவு. உங்க விளக்குக்கு என் தோடு போச்சு. அந்த விளக்கு முகத்தையாவது சுட்டிருக்காது" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாயில்லை. அதற்குப் பிறகுதான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குப் பிறகுதான் நான் இதைப்பற்றிப் படிக்கவும் தொடங்கினேன். புத்தி கெட்டபின் படிப்பு என்பார்களே, அதுதான்.

தோழர்களே! லேசர் என்பது மந்திரமல்ல. அது ஒருவகை வெளிச்சம். சாதாரண விளக்கு வெளிச்சத்தில் பல நிறங்கள் கலந்து நாலா பக்கமும் சிதறுகின்றன. லேசர் வெளிச்சம் ஒரே நிறமாய், ஒரே திசையில், ஒரே அணியாய்ப் போவது. இப்படி ஒரு வெளிச்சம் உண்டாகக்கூடும் என்பதற்கு வேண்டிய அடிப்படைக் கணக்கை ஐன்ஸ்டீன் 1917ல் எழுதினார். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த மாலிபு என்னும் ஊரில், தியோடர் மெய்மன் என்பவர் 1960ம் வருஷம் மே மாதம் 16ந் தேதி ஒரு செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை உண்டாக்கிக் காட்டினார். பிறகு சில வருஷங்களிலேயே சின்சினாட்டி நகரத்துத் தோல் வைத்தியர் லியோன் கோல்ட்மன் என்பவர் அதை மனிதத் தோலில் சோதிக்க முற்பட்டார். ஆனால் சுற்றியுள்ள இடத்தைச் சுடாமல் நிறத்தை மாத்திரம் தாக்குவது எப்படி என்பதற்கு ஒழுங்கான காரணம் சொன்னது 1983ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்னும் இரு அமெரிக்க டாக்டர்கள்.

அவர்கள் சொன்னது நம் வீட்டிலேயே தெரிந்த சங்கதிதான். வெயிலில் ஒரு வெள்ளைத் துணியையும் ஒரு கருப்புத் துணியையும் காயப்போட்டுத் தொட்டுப் பாருங்கள். கருப்புத்தான் அதிகம் சுடும். ஏனென்றால் கருப்பு வெளிச்சத்தைக் குடிக்கிறது. நம் தோலில் மெலனின் என்று ஒரு கருநிறப் பொருள் சிறு சிறு மணிகளாய் இருக்கிறது. லேசர் வெளிச்சத்தை அடித்தால் அந்த மணிகள் அதைக் குடித்துச் சூடேறுகின்றன. இனி, எரிகிற மெழுகுவர்த்திச் சுடரில் விரலைச் சட்டென்று ஓட்டினால் சுடுவதில்லை, வைத்துக்கொண்டிருந்தால் கொப்புளமாகும். அதுபோல வெளிச்சத்தை மிக மிகச் சொற்ப நேரம் அடித்துவிட்டால், அந்தச் சூடு பக்கத்துக்குப் பரவுவதற்குள் மணி மாத்திரம் வெடித்துத் தூளாகிவிடுகிறது. எவ்வளவு சொற்பம் என்றால், ஒரு விநாடியை நூறு கோடிப் பங்கு செய்தால் அதில் ஐந்து பங்கு, பத்துப் பங்கு! சமீப காலத்தில் வந்திருக்கும் யந்திரங்கள் ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்கு செய்து அதில் சில நூறு பங்கு நேரத்தில் அடித்து முடித்துவிடுகின்றன. தூளான நிறத்தைச் சரீரத்திலுள்ள துப்புரவு அணுக்கள் மெள்ள மெள்ள வாரிக்கொண்டு போகின்றன. பச்சை குத்திய மையையும் இப்படியேதான் எடுக்கிறார்கள். கையில் ஒரு தலைவர் பெயரைப் பச்சை குத்திக்கொண்டு பிறகு கட்சி மாறியவர்களுக்கு இது ரொம்ப உபகாரம்!

இவ்வளவும் உயர்ந்த அறிவு. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு மனித சமூகம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் இதில் ஒரு முக்கிய விஷயத்தைக் கவனியுங்கள். அந்த வெளிச்சத்துக்கு, எது வியாதியால் வந்த கருப்பு, எது பிறவியிலேயே உள்ள கருப்பு என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கருப்பு என்பதுதான். வெள்ளைக்காரன் முகத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தால் வெள்ளைச் சுவரில் ஒட்டின கரிபோல் அது மாத்திரம் தனியே நிற்கிறது. வெளிச்சமும் அதையே தேடிப் பிடிக்கிறது. நம் முகத்திலோ, புள்ளிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே மேல்தோலிலுள்ள நம் சொந்த நிறம் குறுக்கே நின்று அந்த வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது. சூடு மிஞ்சினால் தோல் வேகிறது. வெந்த தோல் ஆறுகையில் நம்மவர்க்கு அந்த இடம் கருப்பது சகஜம். கொதித்த எண்ணெய் தெறித்த கையைப் பாருங்கள், தெரியும். அல்லது நிறம் செய்யும் அணுக்கள் செத்துப்போனால் வெள்ளைப் புள்ளி விழுகிறது. என் மனைவிக்கு இரண்டும் ஆயிற்று.

இதனால்தான் கருப்புத் தோலுக்கு எந்த லேசர் என்பது பெரிய கேள்வி. மாணிக்க லேசர் வெளிச்சத்தின் அலைநீளம் 694 நானோமீட்டர். மெலனின் இதை ஆவலாய்க் குடிக்கும். என்டி யாக் என்னும் லேசரின் அலைநீளம் 1,064. மெலனின் இதைக் குறைவாகவே குடிப்பதால் அது மேல்தோலை அதிகம் உபத்திரவம் செய்யாமல் ஆழத்தில் இறங்குகிறது. ஆதலால் நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே மற்றவைகளைவிடப் பத்திரமானது என்கிறார்கள். அதே யந்திரத்தில் ஒரு பொத்தானை மாற்றினால் 532 ஆகிவிடும். அது முன்னதைவிட ஆபத்து. பொத்தானைத் திருப்புகிற கைக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டாமா? இன்னொரு வேடிக்கை. தோல் வெயிலுக்கு எப்படிக் கறுக்கிறது என்று வகைப்படுத்த ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் அமெரிக்க டாக்டர் 1975ல் ஒரு கணக்குச் செய்தார். அதில் முதலில் இருந்த நாலு வகையும் வெள்ளைத் தோலுக்கே. மாநிறத்தையும் கருப்பையும் ஐந்தாவது, ஆறாவது வகையாகப் பின்னால்தான் சேர்த்தார்கள். உலகத்தில் பெரும்பாலோர் மாநிறமும் கருப்புமாய் இருக்க, அவர்களுக்கு இடம் கிடைத்தது கடைசி வரிசையில்!

இனி மங்குக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் லேசரைப் பற்றி முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. "நீ பகலில் எங்கே உட்காருகிறாய்?" என்று என் மனைவியைக் கேட்டார்கள். எங்கள் கடை மேற்குப் பார்த்த கடை. மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்தரை மணிவரை நான் சாப்பிட்டுப் படுக்கிற நேரம் அவள்தான் கல்லாவில் இருப்பாள். வெயில் நேரே முகத்தில் அடிக்கும். டாக்டரம்மாள் சிரித்தார்கள். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நவக்கிரகத்தில் ஒருவர்தான் குற்றவாளி என்பது உண்மையாய்விட்டது. ஆனால் அவர் சனியல்ல, சூரியன்! ஜோசியர் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறார். அவளைத் தினம் வெயிலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே படுத்துத் தூங்கியவன் இன்னொரு குற்றவாளி.

மங்கு என்பது தோலில் சேர்ந்துவிட்ட வெறும் கறையல்ல. நிறம் செய்யும் அணுக்கள் தூண்டப்பட்டு ஓயாமல் வேலை செய்வதே அந்த வியாதி. கர்ப்ப காலத்தில் சரீரத்தில் ஊறும் சில நீர்கள் அதைத் தூண்டுகின்றன, சிலருக்குக் கர்ப்பத்தடை மாத்திரையும் தூண்டுகிறது, குடும்பவாகும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக வெயில். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிர் மாத்திரமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் கருப்புத் தோலில் மங்கை வளர்க்கிறது என்று இப்பொழுது கண்டிருக்கிறார்கள். சூடும் அதற்கு ஆகாது. லேசரோ வெளிச்சத்தால் சூடு உண்டாக்குகிற யந்திரம். அது கிடங்கிலுள்ள சரக்கைக் கொளுத்துகிறது. பக்கத்து ஆலை இராப் பகலாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. சில சமயம் அந்தச் சூட்டினாலேயே ஆலை இன்னும் வேகமாய் ஓடுகிறது. கூரையில் ஓடு மாற்றாமல் தரையில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தால் எப்படி? ஆகையால் மங்கை லேசரால் நிரந்தரமாய் நீக்குகிறேன் என்று எவனாவது போர்டு போட்டால் அவன் ஒன்று தெரியாதவன், அல்லது தெரிந்தே பொய் சொல்லுகிறவன். நல்ல தோல் டாக்டர்கள் மங்குக்கு முதலில் வெயில் காப்பு, பிறகு பூச்சு மருந்து, அவசியமானால் மாத்திரை, இவையெல்லாம் பார்த்த பிறகே, அதுவும் சிலருக்கு மாத்திரம், குறைந்த வேகத்தில் லேசர் என்கிறார்கள். திரும்பி வரக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

பூச்சு மருந்து என்றேன். அதிலும் ஒரு பெரிய மோசம் நடக்கிறது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு, இம்மூன்றும் கலந்த களிம்பு டாக்டர் கண்காணிப்பில் சில வாரங்கள் போடத்தக்க நல்ல மருந்து. நம் ஜனங்கள் அதை மருந்துக் கடையில் வாங்கி, சிவப்பாக்கும் களிம்பு என்று வருஷக்கணக்காய்ப் பூசுகிறார்கள். முதல் மாதம் முகம் வெளுக்கும். பிறகு தோல் சிகரெட் காகிதம் போல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், பருக் கிளம்பும், பெண்களுக்கு முகத்தில் ரோமம் முளைக்கும், நிறுத்தினாலோ எரியும். 2018ல் இந்திய சர்க்கார் இம்மாதிரி ஸ்டீராய்டு களிம்புகள் 14ஐ டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று உத்திரவு போட்டது. என் மனைவிக்கு லேசர் கடையில் எரிச்சலுக்கென்று கொடுத்த களிம்பும் இந்த ஜாதிதான் என்று டாக்டரம்மாள் டப்பாவைப் பார்த்துச் சொன்னார்கள். இதைவிட மோசம் பாதரசம் கலந்த களிம்புகள். பாதரசம் நிறத்தைக் குறைக்கும். கூடவே மூத்திரக் காயையும் கெடுக்கும். அழகுச் சாமான்களிலிருந்து அதை ஒழிக்க வேண்டுமென்று 2013ல் உலக நாடுகள் மினமாட்டா ஒப்பந்தம் செய்து, 2020 வரையில் கெடு வைத்தன. கெடு முடிந்தும் திருட்டுத்தனமாய் விற்பனை நடக்கிறது. லேபிலில் யார் தயாரித்தது என்றே இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

அப்படியானால் லேசர் வைத்தியமே புரட்டா என்று கேட்பீர்கள். இல்லை. அதையும் சொல்லாவிட்டால் நான் நியாயம் தவறினவனாவேன். சில குழந்தைகளுக்குக் கண்ணைச் சுற்றியும் நெற்றிப் பொட்டிலும் ஒரு பக்கமாய் நீலம் பாய்ந்த கருப்பு இருக்கும். சிலருக்கு விழி வெள்ளையிலும் இருக்கும். கிரகணத்தின்போது தாய் வெளியே வந்ததால் வந்த மறு என்று நம் கிழவிகள் சொல்லுவார்கள். அந்தத் தாயும் தன்னால்தான் குழந்தை இப்படியாயிற்று என்று ஆயுள் முழுதும் அழுவாள். அது ஓட்டா என்னும் ஜப்பானிய டாக்டர் 1939ல் விவரித்து எழுதிய ஒரு பிறவி மறு. நிறம் செய்யும் அணுக்கள் மேல்தோலில் இருப்பதற்குப் பதிலாக அடித்தோலில் தங்கிவிட்டதால் வருவது. நிறம் ஆழத்தில் இருப்பதால்தான் நீலமாய்த் தெரிகிறது. சந்திரனுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. தாயின்மேல் ஒரு குற்றமும் இல்லை. இந்த மறுவுக்கு லேசர் வருவதற்கு முன் உருப்படியான வைத்தியமே கிடையாது. தோலைச் சுரண்டித் தழும்பாக்குவார்கள். இப்பொழுது சில மாத இடைவெளி விட்டுப் பல தடவை லேசர் அடித்தால் தழும்பில்லாமல் பெரும்பாலும் மறைகிறது. எனக்குத் தெரிந்த ஒரு நெசவுத் தொழிலாளியின் மகள், பதினெட்டு வயதுவரை கல்யாண வீட்டுக்கே போகாமல் இருந்தவள், இன்று துணிக்கடையில் முன்வரிசையில் நின்று வியாபாரம் செய்கிறாள். அந்தப் பெண்ணைப் பார்த்தால் லேசரைக் கண்டவர்களைக் கும்பிடத் தோன்றும். கும்பிட வேண்டாம், நன்றியோடு நினைத்தால் போதும்.

வெண்புள்ளிக்கும் ஒரு லேசர் உண்டு. அது நிறத்தை அழிப்பதல்ல, நிறத்தை வரவழைப்பது. 308 நானோமீட்டர் ஊதாக் கதிரை வெண்புள்ளியின்மேல் மாத்திரம் விடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாக மாதக்கணக்கில் செய்ய வேண்டும். முகத்தில் நன்றாகவும், விரல் நுனியில் சொற்பமாகவும் பலிக்கிறது. நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயில் காட்டியதும் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு வழிதான்; அந்த விதையில் தோலை வெயிலுக்குக் கூசச் செய்கிற சொராலென் என்ற சத்து இருப்பது பிற்காலத்தில் ருசுவாயிற்று. அளவு தெரியாமல் செய்தால் கொப்புளித்துவிடும். ஆகவே பழசு என்பதனாலேயே தள்ளவும் வேண்டியதில்லை, கொள்ளவும் வேண்டியதில்லை. வெண்புள்ளி ஒட்டுவாரொட்டி அல்ல, குஷ்டம் அல்ல, நாகதோஷமும் அல்ல. சரீரத்தின் காவல் படையே தன் சொந்த நிற அணுக்களை அன்னியனென்று நினைத்து அடிப்பதால் வருவது. இதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாதென்று 1954ம் வருஷத்து மாய மருந்து விளம்பரச் சட்டம் இருக்கிறது. இருந்தும் சுவர் நிறைய விளம்பரம்!

மற்றொன்று. பிள்ளைகளுக்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் அழுக்குப் படிந்தாற்போலக் கருத்துத் தடிக்கிறது. தாய்மார்கள் பீர்க்கம் நாரால் தோல் உரியத் தேய்க்கிறார்கள். கடையில் அதற்கும் லேசர் என்கிறார்கள். பெரும்பாலும் அது உடல் பருமனாலும், சர்க்கரை வியாதிக்கு முன்னறிவிப்பாகவும் வருவது. தீ மூட்டிய இடத்தை விட்டுப் புகைக்கு வெள்ளை அடிக்கலாமா? முதலில் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். அதுபோலவே ஒரு மச்சம் திடீரென்று வளர்ந்தாலும், நிறம் மாறினாலும், ரத்தம் கசிந்தாலும் மச்ச சாஸ்திரத்தையும் பார்க்க வேண்டாம், லேசர் கடைக்கும் போக வேண்டாம். அது புற்றாயிருக்கலாம். மேலே சுட்டு மறைத்துவிட்டால் உள்ளே வளர்வது தெரியாமல் போகும்.

இந்தக் கடைகளுக்கு இவ்வளவு கூட்டம் ஏன்? மங்குக்கும் மறுவுக்கும் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலோர் ஒரு வியாதியும் இல்லாமல், கருப்பாய் இருக்கிறோம் என்பதற்காகவே வருகிறார்கள். பிள்ளை கரிக்கட்டை மாதிரி இருந்தாலும் பெண் சிவப்பாய் வேண்டும் என்கிறார்கள். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் கொடுக்கிறார்கள். குங்குமப்பூ பாலைத்தான் மஞ்சளாக்கும், பிள்ளையை அல்ல. 1975ல் இந்தியாவில் வந்த ஃபேர் அண்ட் லவ்லி என்னும் களிம்பு, 45 வருஷம் அந்தப் பெயரில் விற்று, 2020ல் பெயரில் இருந்த ஃபேரை எடுத்துவிட்டுக் க்ளோவைச் சேர்த்துக்கொண்டது. பெயர் மாறினால் ஆசை மாறுமா?

நான் கேட்கிறேன்: கருப்பு என்ன குற்றம் செய்தது? வெள்ளைக்காரன் தோலிலும் நம் தோலிலும் நிறம் செய்கிற அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை செய்யும் மணி நமக்குப் பெரிது, அதிகம்; அவனுக்குச் சிறிது, கொஞ்சம். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த மணிகள் சூரியக் கதிருக்குக் குடை பிடிக்கின்றன. அந்தக் குடையில்லாத வெள்ளையர் போய்க் குடியேறின ஆஸ்திரேலியாவில் தோல் புற்று உலகத்திலேயே மிக அதிகமாய் உள்ள தேசங்களில் ஒன்றாய் இருக்கிறது. நம் வெயிலுக்கு ஏற்ற குடையை நம் முன்னோர் சரீரம் பல ஆயிரம் தலைமுறையாய் நெய்து வைத்திருக்கிறது. அதைப் பணம் கொடுத்துக் கிழித்துக்கொள்ள வேண்டுமா? கிழித்தாலும் நில்லாது, உயிருள்ள அணு மறுபடியும் நெய்துவிடும்.

ஆகவே யாராவது லேசர் வைத்தியத்துக்குப் போக நேர்ந்தால் நான் கேட்கத் தவறின கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கருப்புக்கு என்ன பெயர், எதனால் வந்தது என்று முதலில் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவர் கையில் முகத்தைக் கொடுக்காதீர்கள். யந்திரத்தைப் பிடிக்கப்போகிறவர் தோல் வைத்தியம் படித்த டாக்டரா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். அலைநீளம் என்ன என்று கேளுங்கள். முகம் முழுதும் அடிக்கும் முன் காதோரம் ஒரு சிறு இடத்தில் அடித்து, சில வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு மூடி போடாமல் ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். அந்த வெளிச்சம் கண்ணின் உள்திரையைப் பொசுக்கிவிடும். "நிரந்தரம்" என்ற வார்த்தை வந்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

என் மனைவி சங்கதி என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் ஒரு தாயார் கேட்கிறார்கள். கடைக்கு மேற்கே தகரப் பந்தல் இறக்கி, அதற்குக் கீழே கோணிப் படுதாவும் கட்டினேன். பகலில் கல்லாவில் நான் உட்காருகிறேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும். அவள் வெளியே போனால் குடை. டாக்டரம்மாள் எழுதிக் கொடுத்த, மண்நிறம் கலந்த வெயில் களிம்பைத் தினம் பூசுகிறாள். ஒரு வருஷத்தில் மங்கு பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. வெள்ளைப் புள்ளிகள் சில இன்னும் இருக்கின்றன. அவை போகாமலும் இருக்கலாம் என்று டாக்டரம்மாள் சொல்லியிருக்கிறார்கள். தோட்டை மீட்டுவிட்டேன்.

இதோ ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. "எனக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. கருப்பாய் இருக்கிறது. மாமியார் வீட்டில் குறை சொல்லுகிறார்கள். எத்தனை வயதில் லேசர் வைக்கலாம்?" என்று எழுதியிருக்கிறார்கள். எழுதிய தாயார் எழுந்திருக்க வேண்டாம், பெயரும் சொல்ல வேண்டாம். அம்மா, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தக் குழந்தைக்கு யாதொரு வியாதியும் இருப்பதாகத் தெரியவில்லை. அதற்கு எந்த வயதிலும் லேசர் வேண்டியதில்லை. உங்கள் மாமியாரை அடுத்த வாரம் இந்த வாசகசாலைக்கு அழைத்து வாருங்கள். நான் மறுபடியும் வருகிறேன்.